தலை போன போல்ட்

அத்தியாயம் 6

செத்துப்போன மொக்கையனைவிட, நின்றுபோன மூன்றாம் நம்பர் ரோலருக்குத்தான் அந்தத் தேயிலை ஃபாக்டரியில் துக்கம் அதிகம். மொக்கையனை நேற்றே புதைத்தாயிற்று. கொழுந்தைக் கசக்கும் அந்த ரோலரை இன்று சாயங்காலம் நாலு மணிக்குள் ஓட்டியாக வேண்டும். மாடியில் வாடப் போட்டிருக்கும் கொழுந்து அதற்கு மேல் தாங்காது என்று, ஃபாக்டரியை நடத்தும் டீமேக்கர் நல்லதம்பி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருந்தார். புலம்பும்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மொக்கையன் அடக்கத்துக்கு அவர் வந்ததைப் பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை.

சாந்தன்பாறைக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டுக்குத் துப்பறியும் ஈஸ்வரமூர்த்தியும் அவருடைய உதவியாளன் அப்துல் நாசரும் வந்து இறங்கியபோது காலை பத்து மணி. நாசர் பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. வாப்பாவோடு கடையில் உட்காரப் பிடிக்காமல் துப்பறிய வந்தவன். முப்பது அங்குல பெல்பாட்டம் போட்டிருந்தான். பஸ் விட்டு இறங்கிய பத்தாவது அடியில் அதில் பாதியைச் சேறு சாப்பிட்டுவிட்டது.

“அண்ணா, இந்த மலையில துப்புத் துலக்குறதுக்கு முந்தி என் பேண்ட்டைத் துலக்கணும்.”

“பெருமாட்டியில கிளம்பறப்பவே வேட்டி எடுத்துக்கோன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

ஃபாக்டரி வாசலில் முத்துப்பேச்சி நின்றிருந்தாள். அவள்தான் தந்தி கொடுத்தவள். கடலை மடித்து வந்த காகிதத்தில் ஈஸ்வரமூர்த்தியின் பெயரையும் ஊரையும் படித்தாளாம். பெயருக்கு மேலே என்ன போட்டிருந்தது, அவர் கேஸில் ஜெயித்தாரா தோற்றாரா என்பதெல்லாம் கடலை எண்ணெயில் ஊறிப்போயிருந்தது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

முப்பது வயது இருக்கும். ஃபாக்டரியில் சாம்பிள் ரூமில் வேலை. புருஷன் சுருளிவேல் அதே ஃபாக்டரியில் ஃபிட்டர். செத்துப்போன மொக்கையன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. தம்பியைக் கொன்றதாகப் புருஷனைப் பிடித்து லாக்கப்பில் வைத்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு இதைவிட என்ன வர முடியும் என்று தொழிலாளர் லயத்து வீடுகளில் பேசிக்கொண்டார்கள். பேசினார்களே தவிர, அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

“அய்யா, அவுகளை இன்னைக்கு இங்கன கூட்டியாந்து காட்டிட்டு, தேவிகுளம் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருவாகளாம். போனா ஆயுசுக்கும் உள்ளதானாம். எப்பிடியாச்சும் அவுகளை வெளிய கொண்டாந்துருங்கய்யா.”

“உன்ற புருஷன் செய்யலைன்னு உறுதியாச் சொல்றியாம்மா?”

“அவுக செய்யலைய்யா.” கொஞ்சமும் தயங்காமல் சொன்னாள்.

உள்ளே நடக்கும்போது நாசர் கேஸை ஒருமுறை ஒப்பித்தான். அப்படி ஒப்பிப்பதுதான் அவனுக்குச் சம்பளம் கொடுக்கப்படுவதற்கு ஒரே காரணம்.

“ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில ஏழு மணிக்கு ரோலரை ஓட்டியிருக்காங்க. ரெண்டாவது சுத்துலயே ஒரு போல்ட் முறிஞ்சு, மேல சுத்துற இரும்புக் கை பிச்சுக்கிட்டு வந்து மொக்கையன் நெஞ்சுல அடிச்சிருக்கு. ஆள் அங்கயே காலி. பூஜைக்கு முந்தி ஆறு நாள் மாப்பிள்ளை சுருளிவேல் ஊர்ல இல்ல. போடியில அத்தைக்கு உடம்பு சரியில்லைன்னு போயிருக்கான். அத்தைக்கு வயசு இருபத்தாறாம்.”

“யாரு சொன்னா?”

“டீக்கடையில. கேக்காமலே சொன்னாங்கண்ணா. அந்த அத்தை விஷயமா மொக்கையன் அதே டீக்கடை முன்னாடி மச்சான் சட்டையைப் பிடிச்சிருக்கான். ‘உன் நெஞ்சை ஒடிக்கிறேன் பாரு’ன்னு சுருளிவேல் சொன்னதுக்குப் பதினோரு சாட்சி. பூஜை அன்னைக்குப் பொழுது சாய ஊர் திரும்பினவன், போல்ட்டைப் பாதி அறுத்து வெச்சுட்டான்கிறது எஸ்.ஐ.யோட முடிவு.”

மூன்றாம் நம்பர் ரோலர் சாகக் கிடக்கும் யானை மாதிரி சாய்ந்து நின்றது. பூஜைக்குக் கட்டிய மாவிலையும் வாழைக்கன்றும் இன்னும் அவிழ்க்கப்படவில்லை. ஒவ்வொரு போல்ட் தலையிலும் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். ஒரே ஒரு போல்ட்டுக்குத் தலை இல்லை. முறிந்த தலை அன்றைக்கே கூட்டிப் பெருக்கியதில் அடுப்புக்குப் போய்விட்டது என்றார்கள். மிச்சத் துண்டு இரும்புக்குள் புதைந்து கிடந்தது. துளையின் வாயில் சிவப்பாக என்னமோ இறுகிப்போயிருந்தது.

எஸ்.ஐ. கைவிலங்கோடு சுருளிவேலை நிறுத்திவைத்து, சம்பவ இடத்தைப் பார்த்து மகஸர் எழுதிக்கொண்டிருந்தார். மலையாளத்தைத் தமிழில் நனைத்துப் பேசுகிற மனிதர்.

“எந்தா மூர்த்தி, இவிடயும் வந்நோ?”

“ஏனுங் சார், அந்தச் சிவப்பை என்னன்னு எழுதினீங்க?”

“ரத்தம். வேறெந்தா?”

நாசர் குனிந்து பார்த்தான். “குங்குமம் சார். பொட்டு வெச்சது உள்ள இறங்கியிருக்கு. ரத்தம் மூணு நாள்ல கறுத்துரும். எங்க வீட்டுப் பக்ரீத்துக்கு வாங்க, காட்டுறேன்.”

ஈஸ்வரமூர்த்தி நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை.

டீமேக்கர் நல்லதம்பி கையில் பெரிய துளைக்கருவியோடு வந்தார். “சார், ரத்தமோ குங்குமமோ, எனக்கு மிஷின் வேணும். இந்தத் துண்டைக் குடைஞ்சு பொடியாக்கி எடுத்துட்டு, பெரிய மரை வெட்டி, புது போல்ட் போட்டுடறேன். ஒரு மணி நேரம்.”

“பொடியாக்கினா அறுத்த அடையாளம் எங்கீங் இருக்கும்?” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “கோர்ட்டுல பொடியைக் காட்டி, இதுதான் போல்ட்டுன்னு சொன்னா, வக்கீலு மூக்குப்பொடின்னு சொல்லுவாரு. முழுசா எடுக்கோணும்.”

எஸ்.ஐ.க்கு அந்த வக்கீல் பயம் வேலை செய்தது. “முழுசா எடுக்கான் ஆரு உண்டு?”

நல்லதம்பி உதட்டைப் பிதுக்கினார். “இந்த மலையில யாரும் இல்ல சார். மதுரைக்குத்தான் அனுப்பணும்.”

“நான் எடுப்பேன்” என்றது ஒரு குரல். கைவிலங்கு போட்ட சுருளிவேல். மூன்று நாள் லாக்கப்பில் இருந்தவன், தொழிலைக் குறைத்துப் பேசியதும் நிமிர்ந்துவிட்டான். “மதுரைக்காரன் என்னத்தக் கிழிப்பான்? இது ஆறு வருசம் நான் பாத்த மிஷினு.”

எஸ்.ஐ. ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்தார். நாசர் இடையில் புகுந்தான். “அறுத்தவனே ஆதாரத்தை எடுத்துக் கொடுத்தா உங்களுக்கு லாபந்தானே சார்? கெடுத்தான்னா அதுவும் சாட்சி.”

ஒரு கை விலங்கைக் கழற்றினார்கள். மறுகையில் தொங்கிய விலங்கின் சங்கிலியை ஒரு கான்ஸ்டபிள் பசுமாட்டைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டார்.

சுருளிவேல் வேலை செய்ததைப் பார்த்தவர்களுக்கு அவன் செய்த மற்ற பாவங்கள் கொஞ்ச நேரம் மறந்துதான் போயின. முதலில் மண்ணெண்ணெய். துளையின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, சுத்தியலால் செல்லமாகத் தட்டித் தட்டி, முக்கால் மணி நேரம் ஊறவிட்டான். நல்லதம்பி கடிகாரத்தைப் பார்த்தார். சுருளிவேல் அவரைப் பார்க்கவே இல்லை.

“அவசரப்பட்டுத் திருகுனா உள்ளயே இன்னொருக்க முறியும். பெறகு கடவுள் வந்தாலும் எடுக்க முடியாது” என்று பொதுவாகச் சொன்னான்.

அடுத்து ஊதுவிளக்கு. சீறுகிற நீலத் தீயைப் போல்ட்டில் காட்டாமல் அதைச் சுற்றியிருந்த இரும்பில் காட்டினான். “பிடிச்சிருக்கவன் சூட்டுல விரியணும். அப்பத்தான் உள்ள இருக்கவனை விடுவான்.” ஃபாக்டரி வாசலில் நின்ற முத்துப்பேச்சி மெல்ல உள்ளே வந்து தூண் பக்கம் நின்றாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

இரும்பு சூடேறியது. துளை வாயிலிருந்த சிவப்பு பளபளத்தது. பிறகு இளகியது. பிறகு ஒரு சொட்டு நீண்டு, தேன் மாதிரித் தொங்கி, தரையில் விழுந்து மறுபடி கல்லாக இறுகியது.

“ரத்தம் உருகுமா சார்?” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

எஸ்.ஐ. மகஸரில் ஒரு வரியை அடித்தார்.

“குங்குமமும் உருகாதுடா நாசரு. கருகும்.”

நாசர் மூக்கை நீட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தான். புகையில் ஒரு வாசனை. தெரிந்த வாசனை. சின்ன வயதில் வாப்பா கடையின் பின்கட்டில் உட்கார்ந்து, கோழிக்கோட்டுக்கும் திருச்சிக்கும் போகிற துணிப் பார்சல்களுக்கு மெழுகுவர்த்தியில் காட்டிக் காட்டி ஒட்டிய வாசனை. ஒட்டும்போது விரலைச் சுட்டுக்கொண்டு, அதற்காக வீட்டுப் பெரியவள் ஐசும்மாவிடம் அடியும் வாங்கிய வாசனை.

“அண்ணா! அரக்கு! பார்சலுக்கு முத்திரை வைக்கிற சீல் அரக்கு!” என்று கத்தினான். “மிஷினுக்கு யாரோ ரெஜிஸ்டர் தபால் அனுப்பியிருக்காங்கண்ணா!”

தன் மூக்கு இப்படி ஒரு குடும்பத்துக்கு உலை வைக்கும் என்று தெரிந்திருந்தால், அன்றைக்கு அவன் சளிப் பிடித்ததாகச் சொல்லி பஸ்ஸிலேயே இருந்திருப்பான்.

சுருளிவேல் ஊதுவிளக்கை அணைத்து, சாக்குத் துணியால் மிச்ச அரக்கைத் துடைத்தான். அடியில் போல்ட்டின் முறிந்த முகம் தெரிந்தது. ரம்பம் பட்ட கோடு ஒன்றுகூட இல்லை. உடைத்த கருப்பட்டி மாதிரிச் சொரசொரவென்று இருந்தது. முகம் முழுக்கத் துரு.

அவன் அதோடு நிற்கவில்லை. தொட்ட வேலையை முடிக்காமல் விடுகிறவன் இல்லை. போடியில்கூட அப்படித்தான் என்று பின்னால் ஒருத்தர் முணுமுணுத்தது நாசர் காதில் விழுந்தது. போல்ட்டின் நட்ட நடுவில் உளிமுனையால் ஒரு புள்ளி வைத்தான். அதில் கைத்துளையால் பென்சில் கனத்தில் ஒரு ஓட்டை போட்டான். பழைய அரத்தின் சதுர வாலை ஒடித்து, அந்த ஓட்டைக்குள் அடித்து இறுக்கினான். வாலில் ஸ்பேனரைப் போட்டு இடப்பக்கம் மெதுவாக அழுத்தினான். வரவில்லை. இன்னும் கொஞ்சம். கழுத்து நரம்பு புடைத்தது.

‘டிக்’ என்று ஒரு சத்தம். விரல் சொடுக்கின மாதிரி.

அதற்குப் பிறகு அது சாதுவாகச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. கட்டைவிரல் நீளத் துண்டு. சுருளிவேல் அதை எஸ்.ஐ.யின் உள்ளங்கையில் வைத்தான். எஸ்.ஐ. சுட்டுக்கொண்டு உதறினார்.

ஈஸ்வரமூர்த்தி கர்சீப்பில் பிடித்து எடுத்தார். “பாருங் சார். அடுப்புக்குப் போன தலை மேல, மத்ததுல மாதிரியே சந்தனம் குங்குமம். அது பூஜை அன்னைக்கு வெச்சது. அதுக்கு அடியில அரக்கு. அரக்குக்கும் அடியில துரு. துருப் பிடிச்ச பொறவுதான் அரக்கு ஊத்தியிருக்கு, அரக்கு ஊத்துன பொறவுதான் பொட்டு வெச்சிருக்கு. அப்பொ போல்ட் எப்ப முறிஞ்சிருக்கோணும்?”

“பூஜைக்கும் முந்தி” என்றான் நாசர்.

“இந்தப் பனியில இத்தனை துருவுக்கு ரெண்டு மூணு நாளாவது வேணும். முறிஞ்ச போல்ட்டுக்குத் தலையை அரக்கு வெச்சு ஒட்டி, சந்தனம் பூசி, முழுசா இருக்கற மாதிரி ஜோடிச்சிருக்காங்க. அப்ப சுருளிவேலு எங்கீங் இருந்தாப்ல? உங்க மகஸர்லயே எழுதியிருக்கீங்களே.”

எஸ்.ஐ. எழுதியிருந்தார். போடி. ஆறு நாள். பஸ் கண்டக்டரின் சாட்சியோடு.

“பின்னே, ஃபிட்டரல்லே நீ? காலையில ஓட்டும் முன்னே நோக்கண்டே?” என்று சுருளிவேலைப் பார்த்து உறுமினார்.

“பாத்தேன் சார். எல்லாத்துலயும் தலை இருந்துச்சு. ஸ்பேனர் போட்டா பொட்டு அழியும். பூஜைப் பொட்டை எவனாச்சும் துடைப்பானா? அது தானா உதிரணும். வருசா வருசம் அப்பிடித்தான.”

சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பூஜை முடிந்து நாலு நாளைக்கு அந்த ஃபாக்டரியில் எவனும் பொட்டு வைத்த இடத்தில் துணி போட மாட்டான்.

“அதைத் தெரிஞ்சுதானுங் ஒருத்தர் அங்க ஒளிச்சு வெச்சிருக்காரு. பூஜைக்கு எஸ்டேட் துரையும் விருந்தாளிகளும் வந்து பாக்கறப்ப, முறிஞ்ச மிஷின் நின்னா யாருக்குங் தலைகுனிவு?” ஈஸ்வரமூர்த்தி திரும்பவேயில்லை. அத்தனை பேரும் டீமேக்கரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாசருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தூண் பக்கம் ஓடினான். “அக்கா, உங்க வீட்டுக்காரர் வெளியே வந்தாச்சு! சாயங்காலம் மீன் வாங்கிக் குழம்பு வைங்க!”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

ஈஸ்வரமூர்த்தி அவன் தோளைப் பிடித்து இழுத்தார். “சும்மா இரு” என்றார் மெல்ல. “காலையிலிருந்து பாக்கறேன். கூடப்பொறந்த தம்பி செத்திருக்கான். யாரு செஞ்சாங்கன்னு அந்தப் புள்ள ஒரு தடவைகூடக் கேக்கலை.”

நல்லதம்பிக்கு வேர்க்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவருக்கு வேர்க்கவில்லை. பனியன் பையிலிருந்து வெற்றிலை எடுத்து நிதானமாகக் காம்பைக் கிள்ளினார்.

“ஆமா சார். பூஜைக்கு மூணு நாள் முந்தி முறிஞ்சது. ஃபிட்டர் லீவு எழுதிக்கொடுக்காம அத்தையைப் பாக்கப் போயிட்டார். அதை நான் மேல சொல்லியிருந்தா அன்னைக்கே அவர் வேலையும் போயிருக்கும், வீடும் போயிருக்கும். அவர் வீட்டுல அழுதுகிட்டு வந்தாங்க, பாவம், சரின்னேன். ரோலரை நிறுத்தி, மோட்டார் கோளாறுன்னு போர்டு மாட்டினேன். பூஜை அன்னைக்கு மட்டும் ஜோடிச்சு நிறுத்தச் சொன்னேன். சொன்னது நான். ஒட்டினது நான் இல்ல. எனக்கு அரக்கு ஒட்ட வராது.”

“பின்னே ஆரு?”

“ஏலத்துக்குப் போற சாம்பிள் பாக்கெட்டுக்கெல்லாம் அரக்கு வைக்கிறது யாருன்னு கேளுங்க.”

யாரும் கேட்கவில்லை. அந்த ஃபாக்டரியில் அது தெரியாதவர் யாரும் இல்லை. சுருளிவேல்தான் முதலில் தூண் பக்கம் திரும்பினான்.

நல்லதம்பி வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். “அதுவும் குத்தம் இல்ல சார். ஒட்டி முடிச்சதும் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ‘உன் புருஷன் வந்ததும் ராத்திரியே சொல்லிடு, மூணாம் நம்பரைத் தொட வேண்டாம், காலையில முதல் வேலையா போல்ட்டை எடுக்கட்டும்’னு. ஒரே வீட்டுல இருக்கறவங்க. அதைவிட நல்ல தபால் எனக்கு எங்க கிடைக்கும்? பூஜைக்காகப் போர்டை எடுத்துட்டேன். மறுநாள் நான் கொஞ்சம் லேட்டா எந்திரிச்சேன். அதான் என் தப்பு.”

எஸ்.ஐ. அவளருகில் போனார். “பறஞ்ஞோ நீ? சொன்னியா?”

முத்துப்பேச்சி அவரைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தே பேசினாள்.

“சொல்லத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். பொழுது சாய வந்தீக. சோத்தைப் போட்டேன். ஒரு வாய் வெச்சுட்டுத் தட்டைத் தள்ளி விட்டீக. ‘போடியில மீன் கொழம்பு சாப்பிட்ட வாய்க்கு இது எறங்கல’ன்னீக.” நிறுத்தினாள். “அப்ப சொல்லலை. காலையில மிஷின் நின்னு போகட்டும், டீமேக்கரு நாலு பேருக்கு முன்னால ஏசட்டும், நீங்களும் ஒரு நாளைக்குத் தலையைத் தொங்கப்போட்டு நிக்கணும்னு நெனச்சேன். அம்புட்டுத்தான் நெனச்சேன். நின்னு போகும்னுதான் நெனச்சேன். அடிக்கும்னு தெரியாது.”

“மொக்கையன் அங்கே எப்படிம்மா?” என்றார் ஈஸ்வரமூர்த்தி. அவர் குரலில் துப்பறிகிற மிடுக்கு இல்லை.

“அவனுக்கு மத்தியான ஷிப்டுய்யா. மச்சான் போடியிலருந்து வந்துட்டாகளான்னு பாக்க வெள்ளன வந்திருக்கான். வந்தவனை மிஷின்ல ஆள் கொறையுதுன்னு நிக்க வெச்சிருக்காக.”

நாசர் பேண்ட்டில் காய்ந்த சேற்றைச் சுரண்டினான். மீன் குழம்பு வைக்கச் சொன்ன வாயை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

“தந்தி கொடுக்காம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதேம்மா” என்றார் ஈஸ்வரமூர்த்தி.

“அவுக உள்ள போயிருப்பாகளே” என்றாள்.

எஸ்.ஐ. மகஸரின் பழைய தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். டீமேக்கரையும் முத்துப்பேச்சியையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். நல்லதம்பி, முன்சீட்டில் உட்காரலாமா, பின்னால் உட்கார்ந்தால் தனக்கு வாந்தி வரும் என்று கேட்டார். உட்காரச் சொன்னார்கள். பெரிய வேலையில் இருக்கிறவர்களுக்கு வாந்தி வருவதை போலீஸ்காரர்கள் எப்போதும் மதிப்பார்கள்.

சுருளிவேலின் மறுகை விலங்கும் கழன்றது. அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே ஜீப்பை நோக்கி நடந்தான். பின்பக்கம் ஏறப்போன முத்துப்பேச்சி அவன் வருவதைப் பார்த்து நின்றாள். அருகில் போய் அவன் கையை நீட்டினான். அதைப் பார்த்த நாசருக்கு நெஞ்சு லேசாயிற்று. எத்தனை நடந்தாலும் கட்டியவன் கட்டியவன்தான் என்று அண்ணாவிடம் சொல்ல வாயெடுத்தான்.

“வீட்டுச் சாவி” என்றான் சுருளிவேல்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிக் கிடந்தது; பல்லால் கடித்து இழுக்க வேண்டியிருந்தது. சாவியை அவன் கையில் வைத்தாள்.

“பானையில பழையது இருக்கு” என்றாள். “மோர் தீந்துபோச்சு. மூக்கம்மாக்கா வீட்டுல வாங்கிக்கங்க.”

“சரி” என்றான் அவன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லயத்துப் பாதையில் ஏறினான்.